இங்க்ஜெட் ஹெட்டுக்கு மை கொடுக்க மூன்று வழிகள்: எந்த மெஷினுக்கு எது?

இங்க்ஜெட் மெஷின் செய்யப் போகிறவர்கள் மைத்துளிகளை வீசும் ஹெட்டைத் தேர்ந்தெடுக்க மாதக்கணக்கில் அலசுகிறார்கள். எத்தனை நாசில் (துளி வெளிவரும் நுண்துளை), துளி எத்தனை பிகோலிட்டர், எத்தனை கிலோஹெர்ட்ஸ் என்று அட்டவணை போட்டுப் பார்க்கிறார்கள். மை அந்த ஹெட்டுக்குள் எப்படிப் போய்ச் சேரும் என்ற கேள்வி கடைசியில்தான் வருகிறது, அதுவும் ஃபிரேமில் மிச்சம் கிடக்கும் இடத்தில் டேங்கைப் பொருத்துகிற வேலையாக. மெஷின் ஓட ஆரம்பித்த பிறகு வரும் தொல்லைகளில் பெரும்பங்கு அங்கிருந்துதான் கிளம்புகிறது என்பது என் அனுபவம்.

வழிகள் மூன்றுதான். உயர வித்தியாசத்தை மட்டும் நம்பும் சாதாரண டேங்க் ஒன்று. வேக்குவம் பிடித்து நிற்கும் ஹெடர் டேங்க் இரண்டு. ஹெட்டுக்குள்ளேயே மை ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறிச் சுற்றிக்கொண்டே இருக்கும் ரீசர்க்குலேஷன் மூன்று. என் முடிவை இப்போதே சொல்லிவிடுகிறேன்: ஹெட் அசையாமல் நிற்கிற, ஒன்றிரண்டு ஹெட் மட்டும் உள்ள சோதனை மேடைக்கு முதல் வழியே போதும். ஹெட்டைச் சுமந்துகொண்டு இங்குமங்கும் கேரியேஜ் ஓடுகிற மெஷின், சீக்கிரம் படியாத மை என்றால் இரண்டாவது. வெள்ளை மை, செராமிக் மை மாதிரி கனமான துகள் உள்ளவை, அல்லது ஹெட் நிற்க, தாள் ஒரே முறை கடந்து போகும் சிங்கிள் பாஸ் மெஷின் என்றால் மூன்றாவதற்கே போய்விடுங்கள், நடுவில் நின்று காசையும் காலத்தையும் விடாதீர்கள்.

இனி ஏன் என்று பார்க்கலாம்.

நாசிலின் வாயில் மை லேசாக உள்வாங்கிய ஒரு பரப்பாக நிற்கிறது, மெனிஸ்கஸ் என்பார்கள். அது அப்படி நிற்க வேண்டுமானால் உள்ளே மையின் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் கொஞ்சம் குறைவாக இருக்க வேண்டும். அழுத்தம் ஏறினால் மை நாசில் பிளேட்டில் கசிந்து பரவி, பக்கத்து நாசில்களையும் நனைத்து, துளியைக் கோணலாக்கும். அளவுக்கு மீறிக் குறைந்தால் நாசில் காற்றை உறிஞ்சிவிடும், அந்த நாசில் அத்தோடு நின்றுபோகும். எவ்வளவு குறையலாம் என்பதற்கு எளிய கணக்கு உண்டு: பரப்பு இழுவிசையின் இரு மடங்கை நாசிலின் ஆரத்தால் வகுக்க வேண்டும். மையின் பரப்பு இழுவிசை மீட்டருக்கு 25 மில்லிநியூட்டன், நாசில் விட்டம் 30 மைக்ரான் என்று வைத்தால் சுமார் 33 மில்லிபார் வரும். இது அசையாமல் நிற்கும் மைக்கான எல்லை. துளி கிளம்பிய மறுகணம் மெனிஸ்கஸ் உள்ளே பின்வாங்கி ஆடுகிறது, அதனால் ஓட்டத்தில் இந்த எல்லைக்கு வெகு முன்பே நின்றுகொள்ள வேண்டும். ஹெட் தயாரிப்பாளர் சொல்லும் எண்ணைப் பிடித்துக்கொண்டு, அதிலிருந்து இரண்டு மூன்று மில்லிபாருக்கு மேல் விலகாமல் வைத்திருப்பதுதான் சப்ளை சிஸ்டத்தின் முழு வேலையும். ஒரு மில்லிபார் என்பது ஏறக்குறைய 10 மில்லிமீட்டர் தண்ணீர் உயரம். டேங்கை ஒரு சாண் தூக்கி வைத்தாலே 20 மில்லிபார் மாறிவிடும் என்றால் நாம் எவ்வளவு குறுகிய இடத்தில் வேலை செய்கிறோம் என்று புரியும்.

முதல் வழியில் டேங்க் ஹெட்டுக்குப் பக்கவாட்டில், மையின் மட்டம் நாசில் பிளேட்டுக்குக் கீழே இருக்கும்படி நிற்கிறது. மட்டம் 10 சென்டிமீட்டர் கீழே இருந்தால் நாசிலில் மைனஸ் 10 மில்லிபார். இதில் அழுத்தத்தைப் பிடிக்க பம்ப் வேண்டாம், சென்சார் வேண்டாம், மின்சாரமே வேண்டாம். மெஷினை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம், காலையில் வந்து பார்த்தால் போட்டது போட்டபடி இருக்கும். இந்தப் பாதுகாப்பு மற்ற இரண்டு வழிகளுக்கும் சும்மா கிடைப்பதில்லை, அதனால்தான் ஆய்வுக்கூடத்தில் மை சோதிப்பவர்களுக்கு நான் எப்போதும் இதையே சொல்கிறேன். மட்டம் இறங்க இறங்க அழுத்தமும் மாறும் என்பதால் டேங்க் உயரமாக இருப்பதைவிட அகலமாக, ஆழமில்லாமல் இருக்கட்டும்.

இதன் பலவீனம் குழாயில் இருக்கிறது. ஒரு சோதனை மேடையில் நாங்கள் இரண்டு நாள் திண்டாடினோம். தாளில் எதுவும் அச்சாகாத ஒரு வெற்றிடம், அதைத் தொடர்ந்து முழுக்க நிரப்பிய ஒரு பட்டை, இதுதான் அச்சாக வேண்டும். பட்டையின் தொடக்கம் நல்ல அடர்த்தியாக வரும், நான்கு விரல் தூரம் போனதும் வெளுக்கும், அதற்கப்புறம் அங்கங்கே வெள்ளைக் கோடுகள் விழும். ஹெட்டை இயக்கும் மின் அலைவடிவமான வேவ்ஃபார்மைச் சந்தேகப்பட்டு வோல்டேஜை ஏற்றி இறக்கிப் பார்த்தோம், ஹெட்டின் சூட்டை மாற்றிப் பார்த்தோம், ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் கணக்குப் போட்டபோதுதான் விஷயம் தெரிந்தது. 1000 நாசில், 30 பிகோலிட்டர் துளி, 10 கிலோஹெர்ட்ஸ் என்றால் நிமிடத்துக்கு 18 மில்லிலிட்டர் மை ஓட வேண்டும். மையின் பாகுத்தன்மை 10 மில்லிபாஸ்கல் செகண்ட், குழாய் 1 மீட்டர் நீளம், உள்விட்டம் 3 மில்லிமீட்டர். அந்தக் குழாயில் மட்டுமே 15 மில்லிபார் தொலைகிறது. அச்சில்லாத இடத்தில் மைனஸ் 10 என்று நிற்கும் நாசில், முழுப் பட்டை அச்சாகும்போது மைனஸ் 25-க்குப் போய்விடுகிறது. குழாயை 6 மில்லிமீட்டர் ஆக்கினோம், இழப்பு ஒரு மில்லிபாருக்கும் கீழே வந்தது, கோடுகள் போயின. விட்டத்தின் நான்காம் அடுக்கில் எதிர்ப்பு மாறுகிறது என்பதைப் பாடத்தில் படித்திருந்தும், அந்தப் பட்டையை லென்ஸ் வைத்துப் பார்த்த நாளில்தான் எனக்கு அது உறைத்தது.

குழாயை அகலமாக்கினால் வேறொன்று கிளம்பும், அதையும் சொல்ல வேண்டும். மை மெதுவாக ஓடுவதால் குமிழிகள் அடித்துச் செல்லப்படாமல் குழாயின் மேல்சுவரில் ஒட்டிக்கொள்ளும். எங்கேயும் மேடு விழாமல், குமிழி ஏறிப் போக ஒரே சரிவாகக் குழாயை இழுத்தால்தான் தப்பிக்கலாம்.

ஓடும் கேரியேஜுக்கு இந்த வழி ஆகவே ஆகாது. கேரியேஜ் திரும்பும்போது வினாடிக்கு வினாடி 5 மீட்டர் வேகம் மாறுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், அதே திசையில் 1 மீட்டர் குழாய் கிடந்தால் உள்ளே இருக்கும் மை 50 மில்லிபார் தள்ளுகிறது அல்லது இழுக்கிறது. மேலே பார்த்த 33 மில்லிபார் எல்லைக்கு முன்னால் இது என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. அழுத்த ஆட்டத்தைத் தணிக்கும் டேம்பர் போட்டுக் கொஞ்சம் அடக்கலாம், ஆனால் வேகம் கூடக் கூட அதுவும் கைவிடும்.

ஆகவே டேங்க் கேரியேஜிலேயே ஏற வேண்டும், ஹெட்டுக்கு நேர் மேலே, கை அகல நீளமே உள்ள குழாயோடு. மேலே ஏற்றிவிட்டால் மை தானாக வழியும் என்பதால் டேங்கின் காற்றுப் பகுதியில் வேக்குவம் பிடிக்கிறோம். மட்டம் நாசிலுக்கு மேலே 15 சென்டிமீட்டர், நாசிலில் வேண்டியது மைனஸ் 10 என்றால் டேங்கில் மைனஸ் 25 வைக்க வேண்டும். இரண்டாவது வழி இவ்வளவுதான். குழாய் இழப்பு ஒழிந்தது, கேரியேஜ் தள்ளல் பெருமளவு ஒழிந்தது, அழுத்தத்தைத் திரையிலிருந்தே மாற்றலாம், ஒரு வால்வைத் திருப்பி நேர் அழுத்தம் கொடுத்தால் ஓரிரு வினாடியில் பர்ஜும் (மையைத் தள்ளி நாசிலைச் சுத்தம் செய்வது) முடிந்துவிடும். கேரியேஜ் ஓடுகிற ஸ்கேனிங் மெஷின்களுக்கு இது நன்றாகப் பழகிய முறை, நான் முதலில் கைவைப்பதும் இதில்தான்.

கவனிக்க வேண்டியது வேக்குவத்தின் தரம். 1 பார் அளவு வரை படிக்கும் சென்சாரை மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கினால், அதன் பிழை ஒரு சதவீதம் என்றாலும் 10 மில்லிபார் ஆகிவிடுகிறது, அதாவது நாம் பிடிக்க நினைக்கும் மொத்த எண்ணே அதற்குள் மறைந்துவிடும். 100 மில்லிபார் எல்லைக்குள் படிக்கும் சென்சாராகப் பாருங்கள். வேக்குவம் பம்பின் துடிப்பு நாசில் வரை வராமல் இருக்க நடுவில் ஒரு காலிக் கலம் வேண்டும், சிறிய துளை வழியாகக் கொஞ்சம் காற்றை எப்போதும் உள்ளே விட்டுக்கொண்டே இருந்தால் கன்ட்ரோல் நிதானமாக இருக்கும். அப்புறம், மட்டம் காட்டும் ஃப்ளோட் ஒரு நாள் மாட்டிக்கொள்ளும், டேங்க் நிரம்பி வழிந்து மை வேக்குவம் லைனுக்குள் ஏறும். ஆகவே இரண்டாவதாக ஒரு மட்ட சுவிட்சும், ஏறி வரும் மையைப் பிடிக்க லைனில் ஒரு டிராப்பும் கட்டாயம்.

இந்த வழியின் உண்மையான சிக்கல் மின்சாரம் போகும்போதுதான் தெரியும். நான் வேலை பார்த்த ஒரு மெஷினில் இரவில் மின்சாரம் போனது. காலையில் போய்க் கேரியேஜைத் தூக்கினால் நாசில் பிளேட்டிலிருந்து தடித்த நூல் மாதிரி மை தொங்கிக்கொண்டிருந்தது, கீழே பெல்ட் முழுக்க மெஜந்தா. சரி, காற்றுப் பக்கம் ஒரு வால்வு வைத்து மின்சாரம் போனவுடன் டேங்கை மூடிவிடலாம் என்று எல்லாருக்கும் முதலில் தோன்றும், எங்களுக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் அது சூடான டேங்க். 45 டிகிரியில் மூடிய டேங்க் 25 டிகிரிக்கு ஆறும்போது உள்ளிருக்கும் காற்று சுருங்கி 60 மில்லிபாருக்கு மேல் கூடுதல் வேக்குவத்தை உண்டாக்கும், அதாவது வழிவதற்குப் பதிலாக நாசில்கள் எல்லாம் காற்றைக் குடித்துவிடும். கடைசியில் நாங்கள் போன வழி எளியது: வேக்குவம் பம்புக்கும் அதன் கன்ட்ரோல் போர்டுக்கும் மட்டும் தனி பேட்டரி, அதுவும் தீர்ந்தால் மூடிக்கொள்ளும்படி மை லைனில் ஒரு வால்வு. சிறிய பம்ப் தின்னும் மின்சாரம் குறைவுதான், ஆகவே பேட்டரி பெரிதாக வேண்டியதில்லை.

மூன்றாவது வழிக்கு வருவோம். ஹெட் தயாரிக்கும் ஸார் (Xaar) நிறுவனம் 2007-ல் கொண்டுவந்த 1001 ஹெட்டில் மை நாசிலின் பின்புறத்தை உரசியபடியே ஓடும். செராமிக் ஓடுகளில் இங்க்ஜெட் அச்சு பரவியதில் அந்த ஹெட்டுக்குப் பெரிய பங்கு உண்டு, காரணம் செராமிக் மையில் இருப்பவை கனமான கனிமத் துகள்கள். மை நின்றால் துகள் படியும். வெள்ளை மையை எடுத்துக்கொள்வோம். டைட்டானியம் டை ஆக்சைடின் அடர்த்தி தண்ணீரைப் போல நான்கு மடங்குக்கு மேல். கால் மைக்ரான் விட்டமுள்ள ஒரு துகள், 10 மில்லிபாஸ்கல் செகண்ட் மையில் ஒரு நாளைக்குச் சுமார் 0.9 மில்லிமீட்டர் இறங்குகிறது. டேங்கில் இது ஒரு பொருட்டே இல்லை, ஒரு கிளறியை வைத்துவிடலாம். ஆனால் ஹெட்டுக்குள் மை போகும் கால்வாயின் உயரமே பல இடங்களில் ஒரு மில்லிமீட்டருக்கும் கீழே. வெள்ளிக்கிழமை மாலை நிறுத்திவிட்டுத் திங்கட்கிழமை வந்தால் துகள் எல்லாம் கால்வாயின் அடியில் படுத்திருக்கும். இரண்டு துகள் சேர்ந்து கட்டியாகிவிட்டால் இன்னும் வேகமாக இறங்கும், விட்டம் இரட்டித்தால் வேகம் நான்கு மடங்கு.

இங்கே ஒரு எச்சரிக்கை. 'ரீசர்க்குலேஷன் உண்டு' என்று கேட்டலாக்கில் இருந்தால் அது எதுவரை என்று கேளுங்கள். சில ஹெட்டுகளில் மை மேலே இருக்கும் பொதுக் கால்வாய் வரைதான் சுற்றுகிறது, நாசிலுக்கு இறங்கும் கடைசித் துண்டில் அசையாமல் நிற்கிறது. வேறு சிலவற்றில் நாசில் வாய் வரைக்கும் வந்து திரும்புகிறது. குமிழியையும் காய்ந்த மையையும் அடித்துக்கொண்டு போவது பின்னது மட்டுமே. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்திருப்பதால் பலர் ஏமாந்துபோகிறார்கள்.

அழுத்தக் கணக்கு இதில் அழகாக இருக்கும். இன்லெட்டிலும் அவுட்லெட்டிலும் தடை சமமாக இருந்தால் நாசிலின் அழுத்தம் இரண்டின் சராசரி. இன்லெட் பிளஸ் 40, அவுட்லெட் மைனஸ் 80 என்றால் நாசிலில் மைனஸ் 20. இரண்டின் வித்தியாசமான 120 மில்லிபார்தான் மையை ஓட்டுகிறது. சராசரியைத் தொடாமல் வித்தியாசத்தை மட்டும் கூட்டினால் ஓட்டம் மட்டும் கூடும். ஆனால் இன்லெட் பக்க ஃபில்டர் மெல்ல அடைத்துக்கொண்டே வந்தால் சமநிலை குலைந்து நாசில் ஓசையில்லாமல் மைனஸ் பக்கம் சரியும், திரையில் இரண்டு எண்களும் சரியாகவே இருக்கும். இதைக் கண்டுபிடிக்க ஓட்டத்தையும் அளக்க வேண்டும், ஓட்டம் குறைந்தால் அடைப்பு.

சுற்றும் அளவு எவ்வளவு வேண்டும்? முழுப் பட்டை அச்சாகும்போது ஹெட் தின்னும் அளவைவிடப் பல மடங்கு. நம் கணக்கில் நிமிடத்துக்கு 18 மில்லிலிட்டர் தின்னும் ஹெட்டுக்கு 20 மில்லிலிட்டர் மட்டும் சுற்ற விட்டால், முழு வேகத்தில் அவுட்லெட்டுக்குப் போகும் ஓட்டம் வெகுவாகக் குறைந்துவிடும், சராசரிக் கணக்கும் பொய்த்துவிடும்.

இரண்டு டேங்க், இரண்டு அழுத்தக் கன்ட்ரோல், இடைவிடாமல் ஓடும் ஒரு திரும்பு பம்ப், ஹீட்டர், மையில் கரைந்த காற்றை எடுக்கும் டீகேஸர் என்று பொருட்கள் ஏறக்குறைய இரட்டிக்கின்றன. பம்பைத் தேர்வு செய்வதே தனி வேலை. டயஃப்ரம் பம்ப் மலிவு, காலியாக ஓடினாலும் தாங்கும், ஆனால் துடிக்கும். கியர் பம்ப் சீராக ஓட்டும், ஆனால் பற்களுக்கு நடுவே யூவி மை (புற ஊதா ஒளியில் கெட்டியாகும் மை) நசுங்கிச் சூடாகி அங்கேயே கெட்டியாகிவிடும் ஆபத்து உண்டு, கடினத் துகள் மையில் பல்லும் தேயும். பெரிஸ்டால்டிக் பம்பில் மை குழாயைத் தவிர வேறெதையும் தொடாது, ஆனால் அந்தக் குழாய் நசுங்கி நசுங்கித் துணுக்குகளை மையிலேயே உதிர்க்கும். நாள் முழுக்க ஓடும் இடத்தில் நான் டயஃப்ரமை வைத்து, துடிப்பைத் தணிக்க டேங்கின் காற்றை நம்புகிறேன்.

யூவி மையில் இன்னொன்றும் இருக்கிறது. கரைந்த காற்றை எடுக்காவிட்டால் நாசிலுக்குப் பின்னால் நடக்கும் அழுத்த அதிர்வில் சின்னக் குமிழி பெரிதாகிக்கொண்டே போய் நாசிலை நிறுத்திவிடும், அதனால் ஹாலோ ஃபைபர் டீகேஸர் வைக்கிறோம். ஆனால் மை தானாகக் கெட்டியாகாமல் இருக்கச் சேர்க்கும் ஃபீனால் வகைத் தடுப்பான்கள் வேலை செய்யக் கொஞ்சம் ஆக்சிஜன் வேண்டும். சூடான மையை எந்நேரமும் காற்றே படாமல் மூடிய வட்டத்தில் சுற்ற விடுவது ஆபத்து. டீகேஸரை ஹெட்டுக்குப் பக்கத்தில் வையுங்கள், பெரிய டேங்க் சாதாரணக் காற்றைச் சுவாசிக்கட்டும், நைட்ரஜன் வேண்டாம். டீகேஸருக்கு அப்புறம் சிலிக்கோன் குழாய் போட்டுவிடாதீர்கள், அது காற்றைத் தாராளமாக உள்ளே விடும், எடுத்த காற்றெல்லாம் திரும்ப வந்துவிடும். பித்தளை ஃபிட்டிங்கும் யூவி மைக்கு ஆகாது.

இரண்டுக்கும் நடுவே ஒரு வழியைச் சிலர் பிடிப்பார்கள்: ஹெட் சுற்றாத வகை, ஆனால் ஹெடர் டேங்க் வரைக்கும் மையைச் சுற்ற விடுவது. டேங்கும் குழாயும் படியாமல் இருக்கும், உண்மைதான். ஹெட்டுக்குள் நிற்கும் மை எப்போதும் போலப் படியும், தினமும் காலையில் பர்ஜ் செய்து அதைக் கொட்ட வேண்டும். கையில் ஏற்கெனவே அந்த ஹெட்டுகள் இருந்து, வெள்ளை எப்போதாவதுதான் ஓடும் என்றால் சரி. புதிதாக வாங்கும்போது இதைத் திட்டமாக வைக்காதீர்கள்.

சிங்கிள் பாஸ் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. ஸ்கேனிங் மெஷினில் ஒரு நாசில் போனால் அடுத்த பாஸ் அதை மூடிவிடும், சிங்கிள் பாஸில் அதே நாசில் ரோல் முடியும் வரை ஒரு கோடு போட்டுக்கொண்டே போகும். நின்றுபோன நாசில் தானாகத் திரும்ப எழ வாய்ப்புக் கொடுப்பது ரீசர்க்குலேஷன் மட்டுமே, அதற்கே அந்தச் செலவு தகும்.

தயாராகக் கிடைக்கும் யூனிட்டை வாங்கலாமா, நாமே செய்யலாமா என்றும் கேட்பார்கள். சப்ளை சிஸ்டம் செய்துவந்த மெக்னாஜெட்டை 2022-ல் ஸார் வாங்கியது, ஹெட் செய்பவர்களே இதை எவ்வளவு முக்கியமாக நினைக்கிறார்கள் என்பதற்கு அது போதும். நிறத்துக்கு இரண்டு மூன்று ஹெட் வரை என்றால் வாங்குங்கள், முக்கியமாக முதல் ரீசர்க்குலேஷன் மெஷினுக்கு. வரிசையாகப் பல ஹெட், அதிலும் ஹெட்டுகளைத் தாங்கி வெவ்வேறு உயரத்தில் நிற்கும் பார்கள் என்றால் 10 மில்லிமீட்டருக்கு ஒரு மில்லிபார் என்ற கணக்கு ஒவ்வொரு பாரையும் தனித்தனியாகக் கடிக்கும், அப்போது நம் ஃபிரேமுக்கு ஏற்ப நாமே செய்வதுதான் பொருந்தும்.

எதை எடுத்தாலும் டிராயிங்கை முடிவு செய்யும் முன் ஒரே ஒரு ஹெட்டோடு இரண்டு சோதனை செய்து பாருங்கள். ஹெட்டின் இன்லெட்டை ஒட்டி டி வடிவ இணைப்பு ஒன்று போட்டு சென்சாரை மாட்டி, பத்து வினாடி வெறும் தாள், பத்து வினாடி முழுப் பட்டை என்று மாறி மாறி அச்சிடுங்கள். முள் மூன்று மில்லிபாருக்கு மேல் ஆடினால் குழாயையோ டேங்கின் இடத்தையோ மாற்றியாக வேண்டும். இரண்டாவது, மை முழுச் சூட்டில் இருக்கும்போது மெயின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, நாசில் பிளேட்டுக்குக் கீழே ஒரு வெள்ளைத் தாளை விரித்து, இரவு முழுக்க அப்படியே விடுங்கள். காலையில் அந்தத் தாளில் சொட்டு விழுந்திருக்கக் கூடாது, மெஷினைப் போட்டவுடன் பர்ஜ் செய்யாமலே நாசில் சோதனைப் படிவம் முழுசாக வர வேண்டும்.